ரிப்பேர் இல்லை, கித்தார்தான்

அன்று மேடையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். கித்தாருடன் ஸ்டீபன். பேஸ் கித்தாருடன் சலீம். டிரம்ஸுக்குப் பின்னால் ஜெகன். மைக்குக்கு முன்னால் நான். வராதவன் பாபு. ஆர்கன் வாசிக்க வேண்டியவன் அவன்தான்.

மேடைக்குக் கீழே, கூட்டத்தோடு கூட்டமாக என் அய்யாவும் நின்றுகொண்டிருந்தார். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கு வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

வண்டியூர் தெப்பக்குளத்துக்குக் கிழக்கே ஒரு தெரு. பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. காலையில் சாக்கு ஓட்டமும் உறியடியும் முடிந்து, சாயங்காலம் எங்கள் கச்சேரி. பள்ளிக்கூடத்து பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேலே ஜமுக்காளம் விரித்ததுதான் மேடை. ஜெகன் கால் பெடலை மிதித்தால் ஒரு பெஞ்சு மட்டும் தனியாக ஆடும். அதன் அடியில் செங்கல் வைத்திருந்தோம்.

வெயில் இன்னும் எதிர்ச் சுவரில் பாதி உயரத்துக்கு நின்றது. கரும்புச் சக்கை மிதிபட்டு, தெரு முழுக்க இனிப்பும் புளிப்புமாக ஒரு வாசனை.

ஜெகன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாபு வீட்டுக்குப் போய்த் திரும்பியிருந்தான்.

"திண்டுக்கல்ல கல்யாணக் கச்சேரியாம் மாப்ள. பெரிய ட்ரூப்பு கூப்பிட்டிருக்கு. காலையிலேயே கெளம்பிட்டானாம். அவங்கம்மா எனக்கு ஒரு கிண்ணம் பொங்கல் குடுத்தாங்க."

"நீ தின்னுட்டு வந்தியாக்கும்?" என்றான் சலீம்.

"பின்ன, அம்புட்டுத் தூரம் போயிட்டு வெறும் வயித்தோட வாரதா?"

பாபு இல்லாவிட்டால் என்ன?

பாபுவைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: ஓர் ஆள் வராவிட்டால் ஒரு குழு நின்றுபோகுமா?

நின்றுபோகும் ஐயா. சினிமாப் பாட்டில் பாடகர் பாடுவது பாதிதான். நடுவே வரும் வயலின் கூட்டம், புல்லாங்குழல், மணிச் சத்தம் எல்லாவற்றையும் ஊர்க் கச்சேரிகளில் ஓர் ஆர்கன்காரர்தான் சமாளிப்பார். எங்களிடம் பதினெட்டு சினிமாப் பாட்டு தயாராக இருந்தது. பதினெட்டும் பாபுவின் பத்து விரலில் இருந்தது.

அவனில்லாமல் எங்கள் கையில் மிச்சம் இருந்தவை நாங்களே எழுதி, நாங்களே மெட்டுப் போட்ட நான்கு பாட்டுகள் மட்டும்.

அவற்றை எந்த மேடையிலும் பாட எங்களை யாரும் விட்டதில்லை. ஒரு வருஷமாக ஏறிய மேடைகளிலெல்லாம், "சொந்தப் பாட்டெல்லாம் வீட்டுல வச்சுக்கங்கப்பா" என்பதுதான் பதில். முந்தின வாரம் சலீம் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். வண்டியூரிலும் நம் பாட்டு ஒன்றாவது பாடவில்லை என்றால் குழுவைக் கலைத்துவிடுவோம், நான் மாமாவின் பாத்திரக் கடையில் உட்காரப் போகிறேன் என்றான். யாரும் மறுத்துப் பேசவில்லை. ஸ்டீபனின் கித்தாரை விலைக்குக் கேட்டு ஓர் ஆள் ஏற்கெனவே இரண்டு தடவை வந்து போயிருந்தார்.

நூல் குடித்த சத்தம்

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. இது இல்லாமல் பின்னால் நடந்தது விளங்காது.

நான் சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் குடும்பம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். நாகமலை புதுக்கோட்டையில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போகிறாய் என்று அய்யா கேட்டால், "பரீட்சைக்குச் சேந்து படிக்கிறோம்" என்பேன். சேர்ந்து என்பது மட்டும் உண்மை.

நாங்கள் ஒத்திகை பார்த்த இடம் ஜெகனின் வீட்டுச் சாயப்பட்டறை. மகாலுக்குத் தெற்கே, ஒற்றையடிச் சந்துக்குள். சௌராஷ்டிரக் குடும்பம். எங்கள் சத்தம் தாங்காமல் போனால் அவன் அம்மா அவர்கள் பாஷையில் ஏதோ சொல்வார். என்னடா சொன்னார்கள் என்று கேட்டால், "காப்பி சாப்பிடச் சொல்றாங்க" என்பான் ஜெகன். அந்தக் குரலுக்கும் காப்பிக்கும் சம்பந்தமே இருக்காது. ஆனால் கடைசியில் காப்பி வந்துவிடும்.

முற்றம் முழுக்க மூங்கில்களில் சாயம் தோய்த்த நூல் கற்றைகள் தொங்கும். அரக்குச் சிவப்பு, மயில் நீலம், ஈரத்தோடு. அதன் நடுவே ஒரு சின்ன இடைவெளியில் நாங்கள். வாசித்து முடித்து வெளியே வந்தால் சட்டையில் நீலக் கோடு விழுந்திருக்கும். ஜெகனின் விரல் நகங்கள் எந்த நாளும் ஒரே நிறத்தில் இருந்ததில்லை.

ஸ்டீபன் ரயில்வே காலனிப் பையன். தேவாலயத்தில் கித்தார் கற்றவன். அங்கே வாசிப்பதெல்லாம் மெழுகு போல வழவழவென்று இருக்கும். அவனுக்கு அது போதவில்லை. வெளிநாட்டு ரிகார்டுகளில் கித்தார் கரகரவென்று உறுமுகிறதே, அந்த உறுமல் வேண்டும். ரேடியோ ரிப்பேர் கடையில் பட்டாணி அளவில் இரண்டு டிரான்சிஸ்டர் வாங்கி, ஒரு காலி மூக்குப்பொடி டப்பாவுக்குள் வைத்து ஈயத்தால் பற்றவைத்தான். கித்தாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே அந்த டப்பாவைச் சொருகி, காலால் சுவிட்சை அமுக்கினால் கித்தார் தொண்டை கட்டிய புலி மாதிரி கத்தும். முதல் தடவை கத்தியபோது நாங்கள் நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இதை மதுரையில் வேறு யாரும் செய்ததில்லை என்று நம்பினோம். இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறேன்.

ஒன்றை மட்டும் கவனிக்கவில்லை. ஈர நூல் சத்தத்தைக் குடித்துவிடும். அந்த முற்றத்தில் ஆம்ப்ளிஃபயரை முக்கால்வாசிக்குத் திருப்பினால்தான் எங்கள் காதுக்கு நிறைவாக இருக்கும். நாங்கள் எவ்வளவு சத்தம் போடுகிறோம் என்பது எங்களுக்கே தெரியாது.

துண்டுச் சீட்டுகள்

மறுபடி வண்டியூர்.

விழாக் குழுச் செயலாளர் துரைப்பாண்டி ஒரு எவர்சில்வர் தட்டை என் கையில் கொடுத்தார். தட்டு நிறையத் துண்டுச் சீட்டு. எந்தப் பாட்டு வேண்டும் என்று எழுதி, கீழே தங்கள் பெயரையும் போட்டுக் கொடுப்பார்கள். பெயரை மைக்கில் வாசித்துவிட்டுப் பாட வேண்டும். அதுதான் முறை. பாட்டைவிடப் பெயருக்குத்தான் கைதட்டு அதிகம் விழும்.

ஒவ்வொன்றாகப் பிரித்தேன். எல்லாமே சினிமாப் பாட்டு. ஒன்றைக்கூட பாபு இல்லாமல் பாட முடியாது.

மேடையின் இரண்டு பக்கமும் மைக் செட் ராசு அண்ணனின் இரண்டு பெட்டிகள். இடுப்பு உயரம். மரத்தால் செய்து, முகப்பில் பொன்னிழை ஓடிய துணி கட்டியவை. ஊரில் எல்லாரும் இரும்புக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவர் புதிதாக வாங்கியவை. வாங்கி மூன்று மாதம் ஆகவில்லை. பொங்கலுக்கு அவற்றுக்கும் மஞ்சள், குங்குமம் வைத்திருந்தார். தேன் மாதிரிச் சத்தம் என்று பேர் வாங்கி, தை மாதத்துக் கல்யாணங்கள் பாதியைப் பேசி வைத்திருந்தார். ஒத்திகையில் வைத்திருந்த சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒரு தெருவுக்குப் போதாது என்பதால் நாங்கள் எல்லாரும் அவருடைய செட்டில்தான் வயரைச் சொருகியிருந்தோம். சத்தத்தைக் கூட்டும் திருகை எந்த அளவுக்கு வைப்பது என்று அவர் கேட்டபோது, ஸ்டீபன் பழக்க தோஷத்தில், "முக்கால்ணே" என்றான்.

சீட்டுத் தட்டைக் கீழே வைத்தேன். மூன்று பேரையும் பார்த்தேன். சலீம் தலையை மட்டும் அசைத்தான். இது நடக்கவில்லை என்றால் நாளைக்குப் பாத்திரக் கடை என்பது அந்த அசைவிலேயே இருந்தது.

"பாடுறா," என்றான் ஸ்டீபன், என் பக்கம் திரும்பாமலே.

ஜெகன் குச்சியைத் தட்டி நான்கு எண்ணினான். ஸ்டீபன் டப்பாவை மிதித்தான்.

கரகரவென்று அந்தத் தெருவே அதிர்ந்தது. எதிர்வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்த புறாக்கள் மொத்தமாக எழும்பின. நான் முதல் வரிக்கு வாயைத் திறந்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கரண்ட் போய்விட்டது. ஜெகனின் டிரம்ஸ் மட்டும் தனியாக இன்னும் கொஞ்ச தூரம் ஓடி, தயங்கி, நின்றது.

எம்புட்டு ஆகும்?

கரண்ட் போகவில்லை. ராசு அண்ணன் மெயின் சுவிட்சை இழுத்துவிட்டு மேடைக்கு ஏறிக்கொண்டிருந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"கோன் கிழிஞ்சிருச்சு," என்றார். ஸ்பீக்கருக்குள் அதிர்கிற காகிதக் கூம்புக்குக் கோன் என்று பேர். "ரெண்டும் கிழிஞ்சிருச்சு. என்னத்தடா சொருகுனீங்க?"

கிழியவில்லை அண்ணே, அது கித்தாரின் சத்தம்தான் என்று ஸ்டீபன் சொன்னது அவர் காதில் விழவில்லை. பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு, பொன்னிழைத் துணியை இரண்டு கையாலும் தடவிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் விசில் கிளம்பியது. "செட்டு அவுட்டு" என்று யாரோ சொல்ல, அது வாய்க்கு வாய் பின்னால் போவது தெரிந்தது.

அப்போதுதான் மேடை ஓரத்தில் அய்யாவைப் பார்த்தேன்.

கமிஷன் கடையில் வெற்றிலைக் கட்டை இறக்கிவிட்டு நின்றவரிடம், கடைக்காரர் விழா நோட்டீஸைக் காட்டி, "உம்ம மகன் பேரு அச்சுல வந்திருக்குய்யா" என்று வாசித்துக் காட்டியிருக்கிறார். நோட்டீஸை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, வழி கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்திருக்கிறார்.

என்னை அவர் பார்க்கவே இல்லை. நேராக ராசு அண்ணனிடம் போனார். வேட்டி மடியை அவிழ்த்து, இலை விற்ற காசைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டார்:

"எம் மகன்தேன். தெரியாமச் செஞ்சிருப்பான். எம்புட்டு ஆகும்ணே?"

அய்யாவுக்கு அப்போது ராசு அண்ணனைவிடப் பத்து வயதாவது அதிகம் இருக்கும்.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஸ்டீபன்தான் ராசு அண்ணனின் கையைப் பிடித்து எழுப்பினான். ஒரே ஒரு தடவை சுவிட்சைப் போடுங்கள், ஒரு நிமிஷம் போதும் என்று கெஞ்சினான்.

போட்டார். ஸ்டீபன் டப்பாவை மிதிக்காமல் ஒரு தந்தியைத் தட்டினான். தேன். மிதித்துத் தட்டினான். கரகர. மிதிக்காமல், தேன். மிதித்து, கரகர. ராசு அண்ணன் பெட்டியில் காதை வைத்து ஏழெட்டு தடவை கேட்டார். பிறகு அந்த டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன்டா, நல்லா இருக்குற சத்தத்தக் கெடுக்குறதுக்குன்னே ஒரு டப்பாவா?"

"அதுதாண்ணே பாட்டு."

"சரி. நான் நம்புறேன். ஊரு நம்பணுமேடா. நாளைக்குக் கல்யாண வீட்டுக்காரன், ராசு செட்டு கிழிஞ்ச செட்டுன்னு அட்வான்ஸத் திருப்பிக் கேப்பானே." கொஞ்சம் யோசித்தார். "மைக்குல சொல்லு. ஊரு கேக்கச் சொல்லு. சொன்னாத்தேன் கரண்டு."

அவர் கேட்டது நியாயம். மைக் முன்னால் வந்து நின்றேன். அய்யா கையில் காசோடு இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"பெரியோர்களே, தாய்மார்களே. இப்போது நீங்கள் கேட்டது ரிப்பேர் இல்லை, கித்தார்தான். ராசு அண்ணன் செட்டில் எந்தப் பழுதும் கிடையாது. இந்தக் கரகரப்பை நாங்கள் வேண்டும் என்றே செய்கிறோம். அதற்கு நாங்களே பொறுப்பு."

பின்வரிசையில் இருந்து ஒரு குரல்: "வேணும்னேதான? அப்பப் பாடு."

தெருவே சிரித்தது.

பிறகு வந்த எத்தனையோ மேடைகளில் இதே அறிவிப்பைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்திருக்கிறோம். எங்கள் முதல் கேசட்டின் உறையிலும் அதை அச்சடித்தோம். கடைக்காரர்கள் கேசட்டைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது அல்லவா.

ஏழு பத்து பாசஞ்சர்

நான் தினமும் மதுரைக்கு வந்துகொண்டிருந்த ரயிலைப் பற்றிய பாட்டு அது.

*ஏழு பத்து பாசஞ்சரு எட்டரைக்கும் வரலே*
*ஏட்டுப் படிப்புப் படிச்ச பயலுக்கு எடம் ஒண்ணும் தரலே*

முதல் வரிக்கே ஒரு சிரிப்பு வந்தது. அந்த ரயிலில் வருகிறவர்கள் கூட்டத்தில் இருந்திருக்க வேண்டும். இரண்டாம் வரிக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு ஏதோ வந்தது. முன்னால் நின்ற பட்டதாரிப் பையன்கள் சிலர் கையைத் தூக்கினார்கள். மூன்றாவது சுற்றில் "வரலே" என்ற சொல்லை நான் பாட வேண்டியிருக்கவில்லை. தெரு பாடியது.

முடிந்ததும் துரைப்பாண்டி மறுபடி தட்டைக் கொண்டுவந்தார். அதில் புதிதாக ஒரு சீட்டு. சிகரெட் அட்டையைக் கிழித்துப் பென்சிலால் எழுதியது. "ரிப்பேர் பாட்டு இன்னொரு தடவை. இப்படிக்கு, டெய்லர் கடை நண்பர்கள்."

எங்கள் பாட்டை ஒருவர் எழுதிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதை மைக்கில் வாசித்தபோது என் குரல் உடைந்தது. யாருக்கும் தெரிந்திருக்காது. ஸ்டீபன் டப்பாவை மிதித்துவிட்டான்.

நான்கு சொந்தப் பாட்டையும் பாடினோம். பாசஞ்சரை மட்டும் மூன்று தடவை. மூன்றாவது தடவை கித்தார் இன்னும் உக்கிரமாக, இன்னும் அடியாழத்தில் இருந்து உறுமியது. எங்களுக்கே புல்லரித்தது. ராசு அண்ணனைப் பார்த்தேன். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

இறங்கியதும் அய்யாவும் நானும் தெப்பக்குளக் கரை டீக்கடையில் உட்கார்ந்தோம். பரீட்சைக்குப் படிப்பதைப் பற்றி அவர் கேட்கவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"அந்த வண்டிப் பாட்டு ஆரு எழுதுனது?"

"நாந்தேன்யா."

பாதி டீ குடித்த பிறகு, "வண்டி லேட்டா வாரது நெசந்தான்," என்றார். பிறகு மடியில் இருந்த நோட்டீஸை எடுத்து, என் பேர் எந்த இடத்தில் இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். அந்த இடம் உள்பக்கமாக வரும்படி மடித்து மறுபடி வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை

ராசு அண்ணனுக்கு ஒரு வழக்கம். விழா முடிந்த மறுநாள் காலை, பந்தல் பிரிப்பதற்கு முன், ஒரு பக்திப் பாட்டு ரிகார்டு போட்டுவிட்டுத்தான் செட்டை இறக்குவார். அன்றும் போட்டார். அம்மனை அழைத்த குரல் கரகரவென்று வந்தது. ஊசியை மாற்றினார். ரிகார்டைத் துடைத்தார். வயரைப் பிடுங்கிச் சொருகினார். பக்தி கரகரத்துக்கொண்டே இருந்தது. கித்தாரும் இல்லை, டப்பாவும் இல்லை.

பத்து மணிக்குச் சாயப்பட்டறை வாசலில் ஒரு சைக்கிள் ரிக்ஷா வந்து நின்றது. இரண்டு பெட்டிகளும் அதில் உட்கார்ந்திருந்தன. ராசு அண்ணன் நடந்து வந்திருந்தார். பொன்னிழைத் துணியை விலக்கிக் காட்டினார். இரண்டு கோனும் மையத்தில் இருந்து விளிம்பு வரை கிழிந்திருந்தன.

"இப்பச் சொல்லு தம்பி. இது ரிப்பேரா, கித்தாரா?"

மூன்றாவது பாசஞ்சரில் கிழிந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியவில்லை. ஊருக்குத் தெரியவில்லை. பழுதே இல்லை என்று நானே மைக்கில் சத்தியம் செய்து கொடுத்ததால் அவருக்கும் தெரியவில்லை. "கிழியிற சத்தத்த நல்லாவே கேட்டேன்டா," என்றார். "டப்பா இன்னைக்கு ஜோரா வேலை பாக்குதுன்னுல்ல நெனச்சேன்."

முதலில் சிரித்தது ஜெகனின் அம்மா. உள்ளிருந்து அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். ஜெகன் இந்தத் தடவை மொழிபெயர்த்தான்: முற்றத்தில் தொங்கும் நூலையும் வண்டியூருக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டுமாம். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு விளங்கியது, அந்த முக்கால் திருகு என்ன செய்திருக்கிறது என்று. ராசு அண்ணனும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே, வெள்ளிக்கிழமை திருப்பரங்குன்றத்தில் கல்யாணம் இருக்கிறது, அதற்குள் பெட்டி தயாராக வேண்டும் என்றார்.

அவர் எங்களை வையவில்லை. அடுத்த வாரம் அனுப்பானடியில் ஒரு கச்சேரி இருக்கிறது, உங்களைத்தான் கேட்கிறார்கள், சொந்தப் பாட்டுத்தான் வேண்டுமாம், ஆனால் திருகு என் கையில்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுக் காப்பியை வாங்கிக் குடித்தார். குழுவைக் கலைப்பது பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

நான்கு பேரும் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ரேடியோ கடைக்குப் போனோம். இரண்டு கோனும், உள்ளே இருக்கும் கம்பிச் சுருளும், கூலியும் சேர்த்து முந்நூற்று முப்பது ரூபாய். வண்டியூரில் எங்களுக்குக் கிடைத்த சம்பளம் நூற்றைம்பது. எங்கள் பாட்டை ஓர் ஊர் முதன்முதலாகக் கேட்டதற்கு நாங்கள் கைப்பணத்தில் இருந்து கொடுத்தது நூற்றெண்பது ரூபாய்.